பரி கொள்வார் கேட்ட சான்று

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இலவசமாகப் பெற்ற பொருளில் குறை காணுதல் தகாது என்று அதற்குப் பொருள் கூறுவர். விலை கொடுத்து வாங்கும் விலங்கைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அப்பழமொழி சொல்லாமற் சொல்கின்றது. மாட்டுக்குச் சொன்ன இவ்விதி குதிரைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மாடு ஏமாற்றினால் பால் குறையும். குதிரை ஏமாற்றினால் ஏறியவன் கழுத்து முறியும்.

பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரைக்குப் பெயர் பல வைத்த மொழி நம்முடையது. அப்பெயர்களைப் பாடம் சொல்லும் தமிழாசிரியனுக்குக் குதிரை வாணிகத்தில் என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வாங்குமுன் விசாரித்தல் என்பது சான்றைப் பற்றிய சிக்கல். யார் சொன்னார், அவர் நேரிற் கண்டாரா, பொய்யெனத் தெரிந்தால் அவர் இழப்பது யாது என்னும் வினாக்கள் சுவடி ஆராய்வோர்க்கும் உரியவை. குதிரை வாங்குவோர்க்கும் உரியவை. அந்த நோக்கிலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் பல்லைப் பார்ப்போம். குதிரைக்கு முன்வாயில் மேலே ஆறும் கீழே ஆறுமாகப் பன்னிரண்டு வெட்டுப்பற்கள் உண்டு. நடுப்பற்கள் இரண்டரை வயதளவில் பாற்பல் விழுந்து முளைக்கும், அவற்றை அடுத்தவை மூன்றரையில், ஓரப்பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பிறகு பல்லின் மேற்பரப்பில் உள்ள கருங்குழிகள் தேயத் தொடங்கும். கீழ்வாயில் நடுப்பல்லின் குழி ஏறத்தாழ ஆறாம் வயதிலும், அடுத்தது ஏழிலும், ஓரத்தது எட்டிலும் மறையும் என்பது பொதுக்கணக்கு. பத்து வயதளவில் மேல்வாய் ஓரப்பல்லில் ஈறோரமாக ஒரு பள்ளக்கோடு தோன்றி, இருபதில் பல்லின் முழுநீளமும் இறங்கும்.

இக்கணக்கை அறிந்த வணிகரும் இருந்தனர். தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி தோண்டிச் சூட்டினாலோ காரத்தினாலோ அதனைக் கருக்கிக் கிழக்குதிரையை இளங்குதிரையாக்கி விற்பது ஐரோப்பியச் சந்தைகளில் ஒரு தனிக்கலையாகவே விளங்கிற்று. ஆகவே பல்லும் பொய் சொல்லும். மெய்யே சொன்னாலும் அது வயதை மட்டுமே சொல்லும். அக்குதிரை யார் வீட்டில் பிறந்தது, எத்தனை கை மாறியது, உடையவன் ஏன் விற்கிறான் என்பவற்றைப் பல் சொல்லாது.

கடல்வழி வந்த புரவி

இவ்வினாக்களைக் கேளாமலேயே ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கிய ஓர் அரசு நம் மண்ணில் இருந்தது. கடல்வழியே குதிரைகள் தமிழகம் வந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். எனினும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டில் நிகழ்ந்த வாணிகம் அளவில் மிகப் பெரிது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதன் கணக்கைத் தருகின்றார். பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1400 குதிரைகளை மஅபர் கரையில் இறக்குவதென ஜமாலுத்தீன் என்பார் உடன்படிக்கை செய்திருந்தார். மஅபர் என்பது நம் சோழ பாண்டியக் கடற்கரைக்கு அராபியர் இட்ட பெயர். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தார்; காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

அவ்வுடன்படிக்கையின் ஒரு விதி நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. பயணத்தில் குதிரை ஊறுபட்டாலும் இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியனின் கருவூலமே தந்துவிடும். இரு நூற்றாண்டு கழித்து விசயநகரத்திலும் இதே நிலைதான். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும், உயிருள்ள குதிரைக்குரிய விலையை மன்னன் தந்தான் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதியுள்ளார்.

மன்னர்களின் வள்ளன்மை என்று இதனைப் பாராட்டலாம். வாங்குவோன் கண்கொண்டு நோக்கின் இது பெரும் பேதைமை. இழப்பு முழுவதும் வாங்குவோன் தலையில் விழுமானால், விற்போன் எதற்காக நல்ல குதிரையைத் தேடிப்பிடிக்க வேண்டும்? நோயுற்ற குதிரையும் கிழக்குதிரையும் கப்பலேறினாலும் அவனுக்கு 220 தீனார் உறுதி. இங்ஙனம் நிகழ்ந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. நிகழ்வதைத் தடுக்க அவ்வுடன்படிக்கையில் ஒன்றுமில்லை என்றே சொல்கிறேன்.

விளைவை மார்க்கோ போலோ பதிந்துள்ளார். பாண்டியன் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேலாகக் குதிரை வாங்குவான்; அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர்; ஆண்டிறுதியில் நூறு கூட மிஞ்சா என்கிறார் அவர். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணங்களாக அவர் காட்டுவன குதிரையைப் பேணத் தெரியாமையும் மருத்துவரின்மையும். குதிரை விற்போர் இலாடம் கட்டுவோரையும் குதிரை மருத்துவரையும் இங்கு வரவிடாமல் தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிந்தால்தானே மேலும் விற்கலாம் என்று கருதினர் என்றும் அவர் கூறுகின்றார். வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் இங்குக் குதிரைக்கு உணவாயின என்று வஸ்ஸாஃப் வியக்கின்றார். விருந்தினர்க்கு இடும் உணவு அது. பாலைநிலக் குதிரைக்கு ஏற்றதன்று. முன்பு என்ன உண்டது என்று கேட்டிருந்தால் அக்குதிரைகளிற் சில பிழைத்திருக்கும்.

கயிறு மாறுதல்

திருவிளையாடற் புராணத்தில் நரியைப் பரியாக்கிய கதையை நாம் அனைவரும் அறிவோம். அதனைப் பத்தியின் பெருமையாகப் படிப்பது முறை. ஆயினும் அதனுள் ஒரு வணிக வழக்கு ஒளிந்திருக்கின்றது. குதிரை வணிகராக வந்த இறைவன் குதிரைகளைக் கயிறு மாறிக் கொடுக்கின்றார். விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்குச் சென்ற கணத்தோடு பொறுப்பும் மாறிவிடும்; பிறகு குதிரை குதிரையாக இருந்தாலும், இரவில் நரியாகி ஊளையிட்டாலும், விற்பவனிடம் வழக்கில்லை. இன்றும் மாட்டுச் சந்தைகளில் கயிறு கைமாறுவதே விற்பனை முடிந்ததற்கு அடையாளம். அவ்வழக்கை அறிந்தே புலவர் அக்காட்சியை அமைத்தார் என்பது என் கருத்து. (இராவுத்தர் என்னும் சொல்லும் குதிரை வீரரைக் குறிப்பதே. மயிலேறும் முருகனை அருணகிரியார் அச்சொல்லால் அழைத்தது மாணவர் எண்ணி மகிழத்தக்கது.)

கயிறு மாறுமுன்பே கேட்டுவிட வேண்டும் என்பது இதனால் தெளிவு. யாரிடம் கேட்பது? நம் கரைக்கு வந்த குதிரைகள் புறப்பட்ட அராபிய நாட்டில் இதற்கு விடை இருந்தது.

பாலைவனத்துச் சாட்சி

அராபியர் தம் குலமரபைப் போற்றியது போலவே குதிரையின் குலமரபையும் போற்றினர். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த கூஃபா நகரத்து அறிஞர் இப்னுல் கல்பீ, குதிரைகளின் வமிசவழியைக் கூறும் 'அன்சாபுல் கைல்' என்னும் நூலை இயற்றினார். சுலைமான் நபியவர்கள் அஸ்து குலத்தார்க்கு அளித்த 'ஸாதுர் ராகிப்' என்னும் குதிரையிலிருந்து அவர் மரபைத் தொடங்குகின்றார். 'ஏறுவோனின் கட்டுச்சோறு' என்பது அப்பெயரின் பொருள். அதன்மேல் ஏறிச் சென்றவன் வேட்டையோடு மீள்வான், கட்டுச்சோறு வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் குஹைலான், ஸக்லாவி, அபய்யான், ஹம்தானி, ஹத்பான் முதலிய கிளைப்பெயர்கள் வழங்கின. குட்டியின் கிளை தாய்வழியே கொள்ளப்பட்டது. இக்கிளைகள் அண்ணலாரின் ஐந்து பெட்டைக் குதிரைகளிலிருந்து வந்தன என்று பரவலாகச் சொல்லப்படுவதைச் செவிவழிக் கதையாகவே கொள்ள வேண்டும்.

1810களில் அராபிய நாடுகளில் சுற்றிய சுவிட்சர்லாந்து நாட்டினரான பர்க்கார்ட், பதவீக்களின் வழக்கத்தை விரித்துரைத்துள்ளார். உயர்குலக் குட்டி பிறந்ததும் சாட்சிகளைக் கூட்டி, அதன் அடையாளங்களையும் தந்தை தாய்க் குதிரைகளின் பெயர்களையும் எழுதி வைப்பர். இதற்கு ஹுஜ்ஜா என்று பெயர். ஆதாரம் என்பது பொருள். பாட்டியின் பெயரை அதில் எழுதுவதில்லை. குலத்தார் அனைவரும் அறிந்த ஒன்றை எழுதுவானேன் என்பது அவர்கள் எண்ணம். அந்தச் சீட்டைத் தோலுறையில் இட்டு மெழுகுத்துணியால் மூடிக் குதிரையின் கழுத்தில் கட்டுவர்.

பர்க்கார்ட் கூறும் மற்றொரு செய்தியே எனக்கு எல்லாவற்றினும் முதன்மையாகத் தோன்றுகின்றது. பாலைவனத்தின் உள்ளே பதவீக்கள் தம்முள் இச்சீட்டைப் பார்ப்பதே இல்லை. குதிரையின் மரபு அதனை உடையவனின் மரபைப் போலவே எல்லார்க்கும் தெரியும். பஸ்ரா, பக்தாது, அலெப்போ, திமிஷ்கு போன்ற நகரச் சந்தைக்குக் குதிரையைக் கொண்டு செல்லும்போதுதான் சீட்டு வேண்டப்பட்டது. அதாவது, அறிந்தவர் நடுவே சொல் போதும். அறியாதவர் நடுவே சென்றபோது சொல்லுக்குப் பதிலாகத் தாள் வந்தது. தாள் வந்தவுடன் போலித்தாளும் வந்தது. நகரத் தரகர் கைச்சீட்டுகளை நம்புவதற்கில்லை என்று பயணிகள் பலர் குறைபட்டுள்ளனர்.

பதவீயின் சொல்லுக்கு மதிப்பு வந்தது எவ்வாறு? அவன் இயல்பாகவே பொய்யுரையாதவன் என்பதால் அன்று. அவன் அங்கேயே வாழ்பவன். பொய்ச்சாட்சி சொன்னால் நாளை அவன் குதிரைக்கு எவரும் சாட்சி சொல்லார். மேலும், நல்ல பெட்டைக் குதிரையை முழுவதுமாக விற்பது அரிது. பாதிப் பங்கை வைத்துக்கொண்டோ, இனி ஈனும் பெட்டைக் குட்டிகளில் இன்னது எனக்கு என்று வரையறுத்தோ விற்பர். விற்ற பின்னும் விற்பவனின் பொருள் அக்குதிரையின் வயிற்றில் இருந்தது. வாலைக் காட்டி விலை பெற்ற வணிகத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

எகிப்தை 1848 முதல் 1854 வரை ஆண்ட முதலாம் அப்பாஸ் பாஷா இவ்விசாரணையை ஓர் அரசுப்பணியாகவே நடத்தினார். தம் ஆட்களைக் குலந்தோறும் அனுப்பி, முதியோரை அமரவைத்து, குதிரைக் கிளைகளின் வரலாற்றைச் சாட்சியத்தோடு எழுதி வாங்கினார். அச்சுவடியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993-இல் வெளிவந்தது. குதிரை வாங்குமுன் அதன் பின்னணியை விசாரித்தவர்களுள் இவரை விஞ்சியவர் எவரையும் நான் படித்ததில்லை.

ஏட்டறிவு பற்றி இடையே ஒரு கதை. அப்பாஸியர் காலத்து அமைச்சர் ஃபள்லு இப்னு ரபீ அவையில் அபூ உபைதா, அஸ்மஈ என்னும் இரு மொழியறிஞர்கள் இருந்தனர். குதிரையைப் பற்றி எத்தனை நூல் எழுதினீர் என்றார் அமைச்சர். ஒன்று என்றார் அஸ்மஈ. ஐம்பது என்றார் அபூ உபைதா. உடனே ஒரு குதிரையைக் கொணர்வித்து, ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பெயர் சொல்லும்படி அமைச்சர் கேட்டார். நான் குதிரை மருத்துவன் அல்லன், அராபியரிடம் கேட்டு எழுதியவன் என்று அபூ உபைதா ஒதுங்கினார். அஸ்மஈ எழுந்து குதிரையின் முன்மயிரைப் பற்றி, தலை முதல் குளம்பு வரை ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் கூறி, அதற்குரிய பாடலையும் ஓதினார். குதிரை அவர்க்கே பரிசாயிற்று. அபூ உபைதாவைச் சீண்ட வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம் அதன்மேல் ஏறிச் செல்வாராம். இதனைப் பதிந்தவர் இப்னு கல்லிகான். மொழித்துறையினர் மறவாதிருக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

அலெப்போவிலிருந்து ஆங்கில நாட்டிற்கு

தாமஸ் டார்லி என்னும் ஆங்கில வணிகர் அலெப்போவில் வாழ்ந்தார். 1703 டிசம்பரில் தாயகத்திற்கு எழுதிய கடிதத்தில், தாம் வாங்கிய குதிரையின் வயதையும், நெற்றி வெள்ளையையும், எந்தெந்தக் கால் வெண்மை என்பதையும் குறித்து, தந்தைவழி தாய்வழி இரண்டிலும் அராபியர் மிக மதிக்கும் கிளையைச் சேர்ந்தது என்று அக்கிளையின் பெயரையும் எழுதினார். 1704-இல் அக்குதிரை இங்கிலாந்து சேர்ந்தது. இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி இந்த ஒரு குதிரையையே சென்றடைகின்றது. அக்குதிரைகளுக்கான மரபுப் பதிவேட்டை வெதர்பி என்பார் 1791-இல் முதன்முதலாக அச்சிட்டார். கழுத்தில் தொங்கிய தோலுறைச் சீட்டு நூலாக விரிந்தது எனலாம்.

பதிவேடு வந்தபின்னும் ஏமாற்று ஒழியவில்லை. 1844-ஆம் ஆண்டு எப்சம் டெர்பி பந்தயம் இதற்குச் சான்று. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடவேண்டிய அப்பந்தயத்தில் ரன்னிங் ரெயின் என்னும் குதிரை முதலில் வந்தது. அது உண்மையில் மக்காபியஸ் என்னும் நான்கு வயதுக் குதிரை. குட்டிப் பருவத்திலேயே ஆள்மாறாட்டம் செய்து பெயரை மாற்றியிருந்தனர். முந்தைய ஆண்டே ஐயம் எழுந்தது. ஆனால் இது ரன்னிங் ரெயின்தான் என்று லாயச் சிறுவன் ஒருவன் சொன்ன சாட்சியை ஏற்று நடுவர்கள் விட்டுவிட்டனர். அச்சிறுவன் பொய் சொன்னால் இழப்பதற்கு அவனிடம் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை போலும்.

ஜார்ஜ் பெண்டிங்க் பிரபு விடவில்லை. குதிரை கைமாறிய வழியெல்லாம் சென்று விசாரித்தார். மயிருக்குப் பூசிய சாயம் வாங்கிய கடை வரை தேடிக் கண்டார். வழக்கு ஜூலையில் நீதிபதி ஆல்டர்சன் முன் வந்தது. வாதங்கள் நீண்டன, சாட்சிகள் வந்தனர். நீதிபதிக்கு வேண்டியது ஒன்றே: குதிரையை இங்குக் கொணர்க, அதன் வாயைப் பார்ப்போம். குதிரையைக் காணவில்லை! வழக்கு அத்தோடு வீழ்ந்தது. இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோ வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதே பந்தயத்தில் கால் முறிந்து சுடப்பட்ட லியாண்டர் என்னும் குதிரையின் தாடையைப் பின்னர் ஆராய்ந்தபோது, அதுவும் வயது கடந்தது என்று தெரியவந்தது.

சாட்சியையும் தாளையும் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்காத விசாரணை நிறைவுறாது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. நம் காலத்தில் மரபணுச் சோதனை அவ்வொப்பீட்டைப் பெற்றோர் வரை கொண்டுசென்றுள்ளது. பழைய ஆங்கிலப் பதிவேட்டின் தாய்வழிகள் சிலவற்றில் ஏட்டின் கூற்றும் உடலின் கூற்றும் ஒத்துவரவில்லை என்பதும் அதனால் வெளியாயிற்று.

இன்று வாங்குவோர்க்கு

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடைபெறும் சந்தைக்குக் குதிரைகள் பெருவாரியாக வருகின்றன. காதுநுனி உள்வளைந்த கத்தியவாரி, மார்வாரி இனங்களை அங்குக் காணலாம். பந்தயக் குதிரைக்குப் பதிவேடு உண்டு. சந்தைக் குதிரை பலவற்றுக்குச் சீட்டு எதுவுமில்லை. ஆகவே அங்குச் சொல்லே சான்று; சொன்னவர் மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். காயல் துறையில் பாண்டியன் நின்ற நிலை இது.

இயலுமானால் குதிரையை அதன் சொந்த லாயத்தில், முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தல் நன்று. நாம் செல்லுமுன்பே சேணம் பூட்டி ஓட்டி வியர்த்திருந்தால் ஐயுற வேண்டும். சில நொண்டித்தனம் ஓடச் சூடேறியபின் மறையும். காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து நடத்தும் முதல் பத்தடியில்தான் தெரியும். தொட்டியின் விளிம்பையும் பார்க்க. மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் தீய பழக்கமுடைய குதிரை தன் குற்றத்தைத் தொட்டியில் எழுதி வைத்திருக்கும். வெட்டுப்பல்லின் முன்விளிம்பும் அளவுமீறித் தேய்ந்திருக்கும்.

விற்பவரைக் கேட்பதினும் இலாடம் கட்டுபவரைக் கேட்பது பயன் தரும். ஐந்தாறு வாரத்திற்கு ஒருமுறை அக்குதிரையின் காலைத் தூக்கிப் பார்ப்பவர் அவர். உதைக்குமா, குளம்பு வெடித்ததா, எந்தக் காலை ஊன்ற அஞ்சுகிறது என்பன அவர்க்குத் தெரியும். விற்பனையில் அவர்க்குப் பங்கும் இல்லை. முன்பு உடைமையாக வைத்திருந்தவரையும் தேடிக் கேட்கலாம். கால்நடை மருத்துவர் நாம் அழைத்துவந்தவராக இருத்தல் வேண்டும்.

வலியடக்கும் மருந்து கொடுத்து நொண்டியை ஓடவைத்து விற்பதும் உண்டு. பிரிட்டனில் விற்பனைச் சோதனையின்போதே குதிரையின் இரத்தம் எடுத்து ஆறு மாதம் காத்துவைக்கின்றனர். பின்னர்ப் பூசல் எழுந்தால் மருந்து கலந்திருந்ததா என்று அதில் பார்க்கலாம். நம் நாட்டில் இரத்தச் சோதனைக்கு வேறொரு கட்டாயமும் உண்டு. கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரையைக் கொல்லும், மனிதரையும் கொல்லும். வெளித்தோற்றத்தில் நலமாயிருக்கும் குதிரையிலும் அது மறைந்திருக்கலாம். நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதே சட்டம். அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்க்கான ஆய்வில் முன்னிற்கின்றது. அண்மையில் எடுத்த சோதனைச் சீட்டைக் கேளாமல் பிற குதிரைகள் நிற்கும் லாயத்தில் புதுக்குதிரையைக் கட்டுதல் கூடாது.

இனிச் சுழி. நெற்றிச்சுழி, மார்புச்சுழி என்று மயிர்ச்சுழிகளைக் கொண்டு நன்மை தீமை சொல்வது நம்மவர் மரபு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப்படங்களோடு பதிப்பித்துள்ளது. சுழியால் குடி கெடும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. இருப்பினும் சந்தையில் முதியவர் ஒருவர் குனிந்து சுழி எண்ணும்போது எள்ளி நகையாட வேண்டா. சுழி பிறவியில் அமைந்தபடி வாழ்நாள் முழுதும் மாறாமல் இருக்கும். சாயம் பூசினாலும் இடம்பெயராது. அதனால்தான் இக்காலக் குதிரைக் கடவுச்சீட்டுகளில் ஒவ்வொரு சுழியும் எங்குள்ளது என்று படம் வரைந்து குறிக்கின்றனர். சீட்டில் நெற்றிச்சுழி கண்மட்டத்திற்கு மேல் என்றிருக்க, எதிரே நிற்கும் குதிரையில் அது கண்மட்டத்திற்குக் கீழே இருக்குமாயின், அச்சீட்டு வேறொரு குதிரையினுடையது.